கலந்தும் சேராதவை

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில், கழுவெளி ஏரியையும் பக்கிங்காம் கால்வாயையும் ஒட்டி, மரக்காணத்து உப்பளங்கள் 3,000 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கின்றன. வெயிலில் நீர் வற்றுகிறது, உப்பு மிஞ்சுகிறது என்று அங்கே நடப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடலாம். அவ்வளவுதான் என்றால் அந்த உப்பை வாயில் வைக்க முடியாது, அப்படிக் கசக்கும். கடல்நீரில் கரைந்திருப்பவற்றில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே சோடியம் குளோரைடு. மீதியில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் உப்புகள் பலவும் உண்டு. போமே என்னும் அடர்த்தி அளவுகோலில் ஏறத்தாழ 3 டிகிரியில் உள்ளே வரும் நீர் வற்ற வற்ற, முதலில் சுண்ணாம்பும் அடுத்து ஜிப்சமும் படிகின்றன. கன அளவு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி, அடர்த்தி 25 டிகிரியைத் தாண்டும்போதுதான் சமையல் உப்பு படிகமாகத் தொடங்குகிறது. 29, 30 டிகிரிக்கு வந்ததும் எஞ்சிய கசப்பு நீரைத் திறந்துவிடுகிறார்கள். மக்னீசியத்தின் பெரும்பகுதி அதோடு போய்விடுகிறது. இத்தனைக்கும் இதில் வடிகட்டி கிடையாது, வேதிப்பொருளும் கிடையாது. சோடியமும் குளோரைடும் மாறி மாறி அடுக்கிய கட்டத்துக்குள் மக்னீசியம் பொருந்துவதில்லை. படிகம் தன் இனத்தை மட்டும் சேர்த்துக்கொண்டு அயலை வெளியே தள்ளுகிறது. உப்பளத் தொழில் முழுவதும் இந்த ஒரு குணத்தின் மேல் நிற்கிறது.

உப்பில் நமக்குச் சாதகமான இந்தக் குணம் பிளாஸ்டிக்கில் பாதகமாகிவிடுகிறது. கூனிமேடு, எக்கியார்குப்பம், அனுமந்தை என்று இந்தக் கரையில் எந்த மீனவ ஊரிலும் ஒதுங்கிக் கிடக்கும் குப்பையை எடுத்துப் பாருங்கள். நைலான் நரம்பு வலை, பாலிபுரொப்பிலீன் கயிறு, பாலிஎத்திலீன் பை, பெட் பாட்டில், தெர்மாகோல் ஐஸ் பெட்டித் துண்டு என்று ஐந்தாறு வகைப் பொருள்கள் ஒரே குவியலில் இருக்கும். இவை எல்லாமே சூட்டில் உருகக்கூடியவை. ஆகவே ஒன்றாகப் போட்டு உருக்கி, பலகையாகவோ வாளியாகவோ வார்த்துவிடலாம் என்ற யோசனை யாருக்கும் எளிதில் தோன்றும். பிரித்தெடுக்கும் செலவு மிச்சம், குப்பையும் ஒழியும். இந்தக் கணக்கு எங்கே தவறுகிறது என்பதை நுண்ணோக்கியின் அடியில் பார்க்கலாம். ஒரு பிளாஸ்டிக் பொருளின் உறுதியை, அதில் என்னென்ன சேர்த்தோம் என்ற பட்டியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. குளிரும்போது அது எப்படிப் படிகமானது, படிகங்களுக்கு இடையே எது பாலமாக நின்றது என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. கலப்புப் பிளாஸ்டிக்கில் அந்தப் பாலம்தான் இல்லாமல் போகிறது. எனவே பிரிக்கும் வேலையை உருக்குவதற்கு முன்பே செய்தாக வேண்டும். உருக்கிய பிறகு அதற்கு வழியில்லை.

பிளாஸ்டிக்கில் படிகமா என்று கேட்கலாம். உப்பைப் போலவோ கற்கண்டைப் போலவோ பட்டை தீட்டிய முகங்கள் அதில் தெரிவதில்லை. ஆனால் பாலிஎத்திலீன் பையில் பாதியோ அதற்கு மேலோ படிகம்தான். அந்தப் படிகத்தின் அமைப்பு வெகுகாலம் புதிராகவே இருந்தது. 1957இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ கெல்லர், பாலிஎத்திலீனைச் சூடான சைலீனில் கரைத்து மெல்லக் குளிரவிட்டார். சாய்சதுர வடிவில் மெல்லிய தகடுகள் கிடைத்தன. அவற்றின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். எலக்ட்ரான் விளிம்புவிளைவு மூலம் பார்த்தபோது, மூலக்கூறுச் சங்கிலிகள் தகட்டுக்குச் செங்குத்தாக நிற்பது தெரிந்தது. இங்கேதான் சிக்கல். சராசரியாக 7,000 கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு சங்கிலியை நேராக நீட்டினால் கிட்டத்தட்ட ஒரு மைக்ரான் வரும். அதாவது தகட்டின் தடிமனைப் போலத் தொண்ணூறு மடங்கு. அவ்வளவு நீளமானது இவ்வளவு மெல்லிய தகட்டில் செங்குத்தாக நிற்க ஒரே வழிதான் உண்டு. மேலே போய் மடங்கிக் கீழே வந்து, மறுபடி மடங்கி மேலே போக வேண்டும். கெல்லர் அந்த முடிவுக்கே வந்தார். அதே ஆண்டில் வேறு இருவர் தனித்தனியாக இத்தகைய தகடுகளை வளர்த்துக் காட்டியிருந்தனர். சங்கிலி மடிந்து படிகமாகிறது என்பது அதற்குப் பிறகு பாலிமர் அறிவியலின் அடித்தளங்களில் ஒன்றாயிற்று.

உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது இந்த மடிப்பு அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. பிழிந்து வைத்த இடியாப்பத்தைப் போலச் சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. அந்தச் சிக்கலுக்குள்ளேயே ஆங்காங்கே தகடுகள் முளைத்து, ஒரு மையத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் வளர்ந்து, உருண்டையான கோளப்படிகங்கள் ஆகின்றன. ஒளிமுனைவு நுண்ணோக்கியில் ஒவ்வொரு கோளத்தின் மேலும் கருநிறச் சிலுவைக்குறி ஒன்று தெரியும்; பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே ஒழுங்கற்ற மென்பகுதி இருக்கிறது. ஒரே சங்கிலியின் ஒரு பகுதி இந்தத் தகட்டிலும் மறு பகுதி அடுத்த தகட்டிலும் மாட்டிக்கொண்டு, நடுப்பகுதி இந்த மென்பகுதியைக் கடந்து நிற்பதுண்டு. இவை இணைப்புச் சங்கிலிகள். கயிற்றை இழுத்தால் அது உடனே அறாமல் தாங்குவதும், பை கிழியாமல் நீள்வதும் பெரும்பாலும் இவற்றால்தான். பட்டியல் ஒன்றாக இருந்தும் அமைப்பு மாறினால் பொருளே மாறிவிடும் என்பதற்குப் பெட் நல்ல சான்று. உருகிய பெட்டைச் சட்டென்று குளிரவைத்தால் படிகமாக நேரமின்றி அது கண்ணாடி போலத் தெளிந்து நிற்கும். அதையே மெல்ல ஆறவிட்டால் படிகங்கள் பெருகி, வெள்ளையாக, ஒளி புகாததாக, எளிதில் உடையக்கூடியதாக மாறும். வேதியியலாளர் இரண்டுக்கும் ஒரே பெயரைத்தான் எழுதுவார்.

இனிக் கலப்புக்கு வருவோம். உருகிய இரண்டு திரவங்களை ஒரே பாத்திரத்தில் நன்றாகக் கிளறினால் கலந்துவிடாதா? சிறிய மூலக்கூறுகள் பலவும் கலந்துவிடும். கலக்கும்போது ஒழுங்கின்மை பெருகுகிறது, இயற்கை அந்தப் பக்கம் சாய்கிறது. நீள் சங்கிலிகளில் இந்த லாபம் ஏறக்குறைய இல்லாமலே போகிறது என்று 1940களின் தொடக்கத்தில் பால் ஃபுளோரியும் மாரிஸ் ஹக்கின்ஸும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் காட்டினர். ஃபுளோரிக்கு 1974இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. அவர்கள் தர்க்கம் எளிமையானது. ஆயிரக்கணக்கான கண்ணிகள் ஒரே சங்கிலியில் கட்டுண்டிருக்கும்போது, ஒவ்வொரு கண்ணியும் தன் விருப்பப்படி இடம் மாற முடியாது. ஆகவே கலப்பதால் வரும் ஒழுங்கின்மை, கண்ணிகள் தனித்தனியாக இருந்தால் வந்திருக்கக்கூடியதில் ஆயிரத்தில் சில பங்காகச் சுருங்குகிறது. கண்ணிக்கும் கண்ணிக்கும் இடையிலான ஒவ்வாமையோ சங்கிலி முழுவதும் கூடிக்கொண்டே போகிறது. ஒரு கண்ணியளவில் பொருட்படுத்தத் தேவையில்லாத மிகச் சிறிய ஒவ்வாமைகூட, சங்கிலியளவில் பிரிவினைக்குப் போதுமானதாகிறது. அதனால்தான் இரண்டு பாலிமர்களை எடுத்தால் அவை கலவாமல் இருப்பது பொதுவிதி, கலப்பது விதிவிலக்கு.

பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் இந்த விதிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. உலகப் பிளாஸ்டிக்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இவை இரண்டும்தான். இரண்டிலும் இருப்பது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே, விகிதமும் ஒன்றே. ஒரே வேறுபாடு, பாலிபுரொப்பிலீனில் ஒன்றுவிட்ட ஒரு கார்பனில் ஒரு மெத்தில் தொகுதி தொங்குகிறது. ஆனால் அந்தச் சின்னத் தொங்கல் சங்கிலியையே முறுக்கிவிடுகிறது. படிகத்தில் பாலிஎத்திலீன் தட்டையான வளைநெளிக் கோடாக நிற்கும். பாலிபுரொப்பிலீன் மூன்று கண்ணிக்கு ஒரு சுற்று எனத் திருகாகச் சுழன்று நிற்கும். திருகும் தட்டைக் கோடும் ஒரே அடுக்கில் பொருந்த வழியில்லை. இரண்டையும் 200 டிகிரி செல்சியஸில் உருக்கி அரைத்தால், குறைவாக உள்ளது மைக்ரான் அளவுத் துளிகளாகி மற்றதில் மிதக்கும். கண்ணுக்கு வெள்ளைக் களி ஒன்றே தெரியும். நுண்ணோக்கிக்கு இரண்டு தெரியும். மெல்லக் குளிர்வித்து 130 டிகிரியில் நிறுத்திவைத்தால் பாலிபுரொப்பிலீன் கோளப்படிகங்கள் வளரும். அந்தச் சூட்டில் பாலிஎத்திலீன் துளிகள் திரவமாகவே இருக்கும். முன்னேறிவரும் படிக முகப்பு ஒரு துளியைச் சந்தித்தால் மூன்றில் ஒன்று நடக்கும்: துளியை முன்னால் தள்ளிக்கொண்டு போகும், அல்லது அதை விழுங்கிவிடும், அல்லது அதன் வடிவத்தை நசுக்கிவிட்டு மேலே போகும். பார்ட்சாக், கலெஸ்கி, மார்டுஸ்செல்லி ஆகியோர் 1980களில் இந்தக் கலவையிலேயே இவற்றைக் கண்டு, ஒவ்வொன்றுக்கும் ஆகும் ஆற்றல் செலவைக் கணக்கிட்டார்கள். தொழிற்சாலை வேகத்தில் குளிரவைத்தால் இரண்டும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் படிகமாகும். அப்போதும் தனித்தனித் தகடுகள்தான். கூட்டுத் தகடு என்று ஒன்று உருவாவதில்லை.

உடைசலுக்கான காரணம் இந்த இரண்டும் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. கலவாத இரு பாலிமர்களுக்கு நடுவே சங்கிலிகள் ஒன்றுக்குள் ஒன்று ஊடுருவும் தொலைவு சில நானோமீட்டர்களுக்கு மேல் போவதில்லை. நன்றாகச் சிக்கிக்கொள்ள அது போதாது. பிறகு படிகமாதல் தொடங்குகிறது. எல்லையோரத்தில் ஓரளவு நுழைந்திருந்த சங்கிலிகளையும் இரு தரப்பும் தத்தம் தகட்டுக்குள் இழுத்துக்கொள்கின்றன. படிகமாகும்போது பொருள் சுருங்கவும் செய்கிறது. உருகிய நிலையை விடப் படிகம் அடர்த்தியானது. இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்க, எல்லையில் இழுவிசையும் சில இடங்களில் வெற்றிடமும் உண்டாகின்றன. இந்தக் கலவையை இழுத்தால் விரிசல் இணைப்புச் சங்கிலிகளோடு போராடத் தேவையில்லை; எல்லைகளை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடிவிடும். அமெரிக்காவில் கார்னெல், மினசோட்டா பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட சோதனை இதை ஐயமின்றிக் காட்டுகிறது. தனியாக இழுத்தால் பல மடங்கு நீளக்கூடிய பாலிஎத்திலீனையும் பாலிபுரொப்பிலீனையும் 70க்கு 30 என்று கலந்தார்கள். கலவை சிறிது நீண்டதுமே முறிந்தது. பிறகு பாலிஎத்திலீன் துண்டும் பாலிபுரொப்பிலீன் துண்டும் மாறி மாறிக் கோத்த நான்கு கண்டச் சங்கிலி ஒன்றைத் தயாரித்து, நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பங்கு வரை சேர்த்தார்கள். ஒவ்வொரு துண்டும் தன் இனத்தின் படிகத்துக்குள் போய் மாட்டிக்கொண்டது. இரு பக்கமும் மாட்டிய சங்கிலி எல்லையைத் தைத்துவிட்டது. கலவை மீண்டும் நன்றாக நீண்டது. பட்டியலில் 95 விழுக்காடோ அதற்கு மேலோ மாறவே இல்லை. மாறியது எல்லை மட்டுமே.

உருக்கும் முன்பே பிரிக்க வேண்டும் என்பதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு, கலந்து சேரும் பாலிமர்களும் இருக்கின்றனவே என்பது. உண்மைதான். பாலிஸ்டைரீனும் பாலிஃபீனைலீன் ஆக்சைடும் மூலக்கூறு அளவில் கலக்கின்றன. நோரில் என்ற பெயரில் 1960களிலிருந்தே அது சந்தையில் இருக்கிறது. நம் வீட்டுக்குத் தினமும் வரும் பால் பாக்கெட்டும் ஒரு கலவைதான். கிளைகள் மலிந்த குறை அடர்த்திப் பாலிஎத்திலீனும், குட்டைக் கிளைகள் கொண்ட நேர்கோட்டு வகையும் அதில் கலந்திருக்கின்றன. ஒன்று படலம் சீராக வர வசதி தருகிறது, மற்றது குத்தினால் கிழியாத உறுதி தருகிறது. இங்கே கலவை வெற்றி பெறுவதற்குக் காரணம், இரண்டின் அடிப்படைச் சங்கிலியும் ஒன்றே என்பதுதான். அப்போதும் படிகம் தன் குணத்தைக் காட்டாமல் விடுவதில்லை. உருகிய நிலையில் ஒன்றாக இருந்த நேர்ச் சங்கிலியும் கிளைச் சங்கிலியும், மெல்லக் குளிர்ந்தால் பிரிகின்றன. கிளை என்பது படிக அடுக்குக்குப் பொருந்தாத குறை என்பதால், நேர்ச் சங்கிலிகள் முந்திக்கொண்டு தடித்த தகடுகளாக, கிளைச் சங்கிலிகள் பின்னால் மெல்லிய தகடுகளாகப் படிகின்றன. வேகமாகக் குளிர்ந்தால் ஓரளவு ஒரே தகட்டில் சேர்கின்றன. ஆக, கலக்கும் என்று சொல்லப்படும் ஜோடியிலும் கடைசிச் சொல் படிகத்துடையது. ஒரே குடும்பத்துக்குள் நடக்கும் இந்தப் பிரிவு தகட்டளவில் நின்றுவிடுகிறது. இணைப்புச் சங்கிலிகள் இரண்டு வகைத் தகடுகளுக்கும் பாலமாகின்றன. ஆகவே உறுதி கெடுவதில்லை. இந்த விதிவிலக்கு விதியை உடைக்கவில்லை. எது எதோடு சேரும் என்பதை முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்றே சொல்கிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. சேராமல் இருப்பதே நல்லது என்ற இடங்களும் உண்டு. கார்களின் முன்புற பம்பர், பாலிபுரொப்பிலீனுக்குள் ரப்பர்த் துளிகள் சிதறிய கலவை. முழுமையாகக் கலந்திருந்தால் பம்பர் குழைந்துபோயிருக்கும். துளிகள் தனித்து நிற்பதால்தான் மோதலின் ஆற்றல் அவற்றைச் சுற்றிப் பரவி அடங்குகிறது. மின்சாதன உறைகளில் உள்ள ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கிலும் இதே தந்திரம். ஆனால் அங்கே துளியின் அளவு மைக்ரானுக்குள் அடக்கப்பட்டிருக்கிறது. துளியும் சுற்றுப் பொருளும் வேதிப்பிணைப்பாலோ, ஒத்த இனத் துண்டுகளாலோ ஒட்டப்பட்டிருக்கின்றன. ரப்பர் எத்தனை விழுக்காடு என்பது முன்பே முடிவானது. கடற்கரையில் பொறுக்கிய குவியலில் இந்த மூன்றில் ஒன்றுகூட நம் கையில் இல்லை. திட்டமிட்ட பிரிவு ஒரு தொழில்நுட்பம். தற்செயலான பிரிவு ஒரு பலவீனம். முன்னதன் வெற்றியைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்த முடியாது.

மூன்றாவது மறுப்பு தமிழ்நாட்டிலிருந்தே எழுகிறது. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் பேராசிரியர் இரா. வாசுதேவன், பலவகைக் கழிவுப் பிளாஸ்டிக்கைக் கொண்டு சாலை போடும் முறையை உருவாக்கினார்; 2018இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். கலப்புப் பிளாஸ்டிக் சாலையைத் தாங்கும்போது வாளியைத் தாங்காதா என்று கேட்கலாம். அந்த முறையை உற்றுப் பார்த்தால் விடை கிடைக்கும். ஏறத்தாழ 170 டிகிரிக்குச் சூடாக்கிய கருங்கல் ஜல்லியின் மேல் நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவுகிறார்கள். அது உருகிக் கல்லின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. அதன் மேல் தார் ஒட்டுகிறது. பளுவைச் சுமப்பது கல். பிளாஸ்டிக்குக்குக் கொடுத்த வேலை, கல்லின் துளைகளை மூடி நீர் புகாமல் தடுப்பதும் தாரைப் பிடித்துக்கொள்வதும்தான். இழுவிசையைத் தனியாகத் தாங்கும் பொறுப்பு அதற்கு இல்லாததால், எல்லைப் பலவீனம் அங்கே பெரிதாக வெளிப்படுவதில்லை. கலப்புப் பிளாஸ்டிக்கில் வார்த்த தடித்த பலகைகள், பெஞ்சுகள் ஆகியவற்றுக்கும் இதே விளக்கம்: அமுக்கத்தைத் தாங்கும், தடிமனால் பிழைக்கும், மெல்லியதாக வார்த்து வளைத்தால் முறியும். சாலையிலும்கூடப் பி.வி.சி.யை ஒதுக்கித்தான் ஆக வேண்டும், சூட்டில் அது ஹைட்ரஜன் குளோரைடை விடும் என்பதால். எல்லாவற்றையும் ஏற்கும் முறை என்று பேர்பெற்றதும் பிரித்தெடுப்பிலிருந்தே தொடங்குகிறது.

அப்படியானால் 2017இன் தையல் சங்கிலியைப் போன்ற இணக்கப் பொருள்களைச் சேர்த்து எந்தக் குப்பையையும் சரிசெய்துவிடலாமே என்பது நான்காவது மறுப்பு. வேலை செய்யும் மருந்து இருப்பது உண்மை. ஆனால் அந்த மருந்து குறிப்பிட்ட ஒரு ஜோடிக்கானது. பாலிஎத்திலீனையும் பாலிபுரொப்பிலீனையும் தைத்த சங்கிலி, நைலானையும் பெட்டையும் தைக்காது. ஆறு வகைப் பிளாஸ்டிக் உள்ள குவியலில் பதினைந்து ஜோடிகள் உண்டு. பதினைந்து வகை எல்லைகள் உண்டு. எந்த எல்லை எவ்வளவு பரப்பு என்பது ஒவ்வொரு மூட்டைக்கும் மாறும். போதாததற்கு, எல்லாவற்றையும் ஒரே சூட்டில் உருக்கவும் முடியாது. பெட் உருக 250 டிகிரிக்கு மேல் வேண்டும், பி.வி.சி. அதற்கு வெகுமுன்பே சிதைந்து அமிலம் விடும். அந்த அமிலம் பெட்டின் சங்கிலிகளை வெட்டும். ஆகவே இணக்கப் பொருள், பிரித்தெடுப்புக்கு மாற்றாக வர முடியாது. பிரித்த பிறகும் தவிர்க்க முடியாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு கலப்பைச் சரிசெய்வதே அது நன்றாகச் செய்யும் வேலை.

பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும்? வாளி உடைவதோடு விஷயம் முடிவதில்லை. கடற்கரை வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக்கின் உள்ளே படிகமாதல் மறுபடியும் தொடங்குகிறது. புற ஊதாக் கதிரும் ஆக்சிஜனும் சேர்ந்து சங்கிலிகளை வெட்டுகின்றன. நெருக்கமான படிகத்துக்குள் ஆக்சிஜன் எளிதில் புகாது. ஆகவே வெட்டு விழுவது மென்பகுதியில், அதாவது இணைப்புச் சங்கிலிகளில். அறுந்த துண்டுகள் சிக்கலிலிருந்து விடுபட்டு, பக்கத்துத் தகடுகளில் போய்ப் படிகமாகிச் சேர்கின்றன. படிகத்தின் பங்கு கூடுகிறது, மேற்பரப்பு சுருங்குகிறது, வெடிப்பு விழுகிறது, கடைசியில் தொட்டாலே பொடிகிறது. கலப்புப் பொருளில் உடைவதற்கு ஆயத்தமான எல்லைகள் முன்கூட்டியே இருப்பதால், அது நொறுங்கப் பாதைக்குப் பஞ்சமில்லை. அந்தப் பொடி எங்கே போகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி. ஆய்வாளர்கள் 2018இல் இந்தியக் கடல் உப்பில் நுண்பிளாஸ்டிக் இருப்பதைப் பதிவு செய்தனர். எளிய மணல் வடிகட்டி அதில் 85 விழுக்காட்டுக்கு மேல், எடை அளவில், தடுக்க முடியும் என்பதையும் சோதித்துக் காட்டினர். தூத்துக்குடி உப்பை ஆராய்ந்து 2020இல் வெளியான இன்னொரு ஆய்வில், கடல்நீர் உப்பில் கிலோவுக்குச் சராசரியாக 35 முதல் 72 வரையிலும், ஆழ்துளைக் கிணற்று நீரில் எடுத்த உப்பில் 2 முதல் 29 வரையிலும் துகள்கள் காணப்பட்டன. முன்னணியில் இருந்தவை பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும்.

தன் இனத்தை மட்டும் சேர்க்கும் உப்புப் படிகம் இந்தத் துகளை ஏன் தள்ளிவிடவில்லை? அயனியைத் தள்ளுவது வேறு, மைக்ரான் அளவுத் துகளைத் தள்ளுவது வேறு. அணு அடுக்குக்குள் பிளாஸ்டிக் நுழைவதில்லை என்பது சரி. ஆனால் வேகமாக வளரும் உப்புப் படிகம் தன் உடலுக்குள் சிறுசிறு குழிகளில் செறிநீரையே சிறைப்பிடித்துக்கொள்ளும். அந்த நீரோடு துகளும் சிக்கலாம், படிகங்களுக்கு நடுவிலும் தங்கலாம். பாலிபுரொப்பிலீன் முகப்பு பாலிஎத்திலீன் துளியை விழுங்கிய அதே நிகழ்வு இது. முகப்பு மெதுவாக நகர்ந்தால் தள்ளும், விரைந்தால் விழுங்கும். அடர்த்தியையும் கணக்கில் எடுக்க வேண்டும். நைலானின் அடர்த்தி 1.14, கடல்நீரில் அது மூழ்கும். 25 டிகிரி போமே செறிநீரின் அடர்த்தியோ சுமார் 1.21. கடலில் மூழ்கிய வலை நூலின் துணுக்கு, உப்பு படியும் பாத்தியில் மேலே எழும்ப வாய்ப்பு உண்டு. உப்பின் முதல் படிகங்களும் நீரின் மேற்பரப்பில்தான் தோன்றுகின்றன. ஆகவே படிகத்தின் தேர்ந்தெடுக்கும் குணத்தை நம்பி உப்பு தானே சுத்தமாகிவிடும் என்று இருக்க முடியாது. துகள் பாத்திக்கு வருவதற்கு முன்பே தடுக்க வேண்டும்.

இந்த அடர்த்திக் கணக்கே பிரித்தெடுப்புக்கும் கைகொடுக்கிறது. நறுக்கிய பிளாஸ்டிக்கை வெறும் நீரில் போட்டால் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், நுரைத்த தெர்மாகோலைத் தவிர மற்றவை மூழ்கும். மூழ்கியதை எடுத்து அடர்ந்த உப்புநீரில் போட்டால் பாலிஸ்டைரீனும் நைலானும் மேலே வரும்; 1.38 அடர்த்தியுள்ள பெட்டும் அதை ஒட்டிய பி.வி.சி.யும் அடியில் தங்கும். மறுசுழற்சிப் பட்டறைகள் உப்புநீர்த் தொட்டி வைப்பது இதற்காகத்தான். காயலான் கடைகளில் அனுபவசாலிகள் ஒரு துண்டைக் கொளுத்தி, சொட்டும் விதத்தையும் புகையின் வாடையையும் கொண்டு வகை சொல்லிவிடுவார்கள். இந்த எளிய முறைகள் மிகவும் திணறும் ஜோடி, 0.95ம் 0.90ம் அடர்த்தியுள்ள பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும். இரண்டும் நீரில் மிதக்கும், தொட்டால் ஒன்றுபோல் இருக்கும். அகச்சிவப்புக் கதிர்க் கருவி அவற்றைப் பிரித்துச் சொல்லும்; ஆனால் பொருள் முழுதாக இருக்கும்போதுதான் அதற்கும் வேலை எளிது. கலந்து உருக்கிக் குருணையாக்கிவிட்டால் எந்தத் தொட்டியும் எந்தக் கருவியும் மைக்ரான் அளவுத் துளிகளைப் பிரித்துத் தராது.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறை முடிவுகள் தெளிவானவை. தமிழ்நாடு 2019 சனவரி 1 முதல் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. அது பொருளின் எண்ணிக்கையைக் குறைக்கும் வழி. எஞ்சியதைக் கையாள, மீன் இறங்கும் துறையிலேயே வலை தனி, கயிறு தனி, பாட்டில் தனி என்று வாங்கும் ஏற்பாட்டுக்குச் செலவிடும் பணம், கலப்புக் குவியலை உருக்கும் எந்திரத்துக்குச் செலவிடும் பணத்தைவிட அதிகப் பயன் தரும். நைலான் 6 வலைகளை மீண்டும் மூலப்பொருளாக உடைத்துப் புதிய நூலாக்கும் தொழில் இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனத்தால் 2011 முதல் நடக்கிறது. வலை ஒரே வகைப் பாலிமராகக் கிடைப்பதே அதற்கு அடிப்படை. பொருள்களை வடிவமைப்பவர்களுக்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. உடலும் மூடியும் ஒரே பிளாஸ்டிக்கில், கயிறும் மிதவையும் எளிதில் பிரியும் முடிச்சில் என்று அமைத்தால், பின்னால் வரும் வேலை பாதியாகும். பிளாஸ்டிக் வகையைக் காட்ட முக்கோணத்துக்குள் எழுதும் எண்ணும் கலவைகள் அனைத்தையும் 7 என்ற ஒரே கூட்டில் அடைக்காமல், எந்த ஜோடி என்று சொல்ல வேண்டும். இணக்கப் பொருளைத் தேர்ந்தெடுக்க அந்தத் தகவல்தான் தேவை. ஒரு மறுசுழற்சித் திட்டத்தை எடைபோட, எத்தனை டன் உருக்கினார்கள் என்று கேட்பது போதாது. உருக்குவதற்கு முன் எத்தனை வகையாகப் பிரித்தார்கள், வார்த்த பொருள் இழுத்தால் எவ்வளவு நீள்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டுக்கும் விடை சொல்ல முடியாத திட்டம் குப்பையைக் குறைக்கவில்லை. அடுத்த உடைசலைச் சில ஆண்டுகள் தள்ளி மட்டுமே வைத்திருக்கிறது.